வஞ்சப் புகழ்ச்சியும் புகழாப் புகழ்ச்சியும்

ஆங்கில இலக்கிய விடைத்தாள்களைத் திருத்தும்போது ஆண்டுதோறும் நான் சந்திக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. 'ஐரனி என்பது யாது?' என்ற வினாவுக்கு, 'ஒன்றைச் சொல்லி, அதற்கு நேர்மாறான பொருளைக் குறிப்பது ஐரனி எனப்படும்' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்துவிட்டு மாணவர்கள் அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். இதற்கு மதிப்பெண் போடாமல் இருக்க இயலாது. கையேடுகளில் அப்படித்தான் இருக்கிறது. கையேடுகளைக் குறை சொல்லியும் பயனில்லை. உரோமாபுரியின் சொற்கலை ஆசிரியர் குவின்டிலியன் முதல் நூற்றாண்டிலேயே ஏறத்தாழ இதைத்தான் சொல்லி வைத்தார். ஆயினும் இவ்விளக்கம் பாதி வழிதான் வந்து நிற்கிறது என்பது என் எண்ணம். மீதி வழியை நான் எப்படிக் கடந்தேன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

நேர்மாறாகச் சொல்வதெல்லாம் ஐரனி ஆகிவிடுமா? கறுப்பாக நிற்கும் ஆட்டை நாம் வெள்ளாடு என்கிறோம். கடித்தால் உயிர் போகும் பாம்பை நல்ல பாம்பு என்கிறோம். சுடுகாட்டை நன்காடு என்றும், செத்தாரைத் துஞ்சினார் என்றும் சொல்வதை நன்னூல் உரைகாரர்கள் மங்கல வழக்கு என்று வகைப்படுத்தினர். வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போகிறேன்' என்னாமல் 'வருகிறேன்' என்பதும் இதே இனம். ஆங்கிலேய நாடகக்காரர்கள் மேடையேறப் போகும் நடிகனிடம் 'பிரேக் எ லெக்' என்பார்கள். காலை முறித்துக்கொள் என்பது சொல். நன்றாக நடித்து வா என்பது பொருள். இவை எல்லாவற்றிலும் சொல் ஒரு பக்கம், பொருள் மறுபக்கம். ஆனால் இவற்றில் ஒன்றுகூட ஐரனி அன்று. இவற்றைச் சொல்பவனுக்கு எவரையும் குத்தும் எண்ணம் இல்லை. கேட்பவர் அனைவருக்கும் பொருள் ஒன்றே.

பொய்யும் உண்மைக்கு மாறானதைத்தான் சொல்கிறது. பொய்யன் தான் அகப்படக் கூடாது என்று விரும்புகிறான். ஐரனி பேசுபவனோ, யாராவது ஒருவராவது தன்னைக் கண்டுகொள்ள வேண்டும் என்று விரும்புகிறான். இந்த வேறுபாட்டைக் கையேடுகள் சொல்வதில்லை.

சொல்லின் பிறப்பைச் சற்றுப் பார்ப்போம். (நான் முதன்முதலில் இச்சொல்லை அச்சில் கண்டபோது 'அயர்னி' என்று படித்து, இரும்பு சம்பந்தப்பட்ட ஏதோ என்று நினைத்தேன். என் வகுப்பில் இப்போதும் ஆண்டுக்கு ஒருவர் அப்படி நினைக்கிறார். ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை.) பழைய கிரேக்க நகைச்சுவை நாடகங்களில் 'ஈரோன்' என்றொரு பாத்திரம் வரும். ஒன்றும் தெரியாதவன்போல் இருப்பான். உள்ளே எல்லாம் தெரியும். அவனுக்கு எதிரே 'அலசோன்' என்றொருவன் நிற்பான். இவன் வாய்ப்பந்தல் போடுகிறவன். ஈரோனின் தன்மையே 'ஐரனேயா' எனப்பட்டுப் பின் இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சாக்ரடீஸ் தமக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிக்கொண்டு, தெரிந்தவர்களிடம் பாடம் கேட்பவர்போல் கேட்டுக் கேட்டே அவர்களைத் தடுமாற வைத்ததைச் 'சாக்ரடீஸின் ஐரனி' என்கிறோம். அரிஸ்டாட்டில் தம் அறநூலில், உள்ளதை மிகுத்துச் சொல்லும் தற்பெருமை ஒரு கோடி, உள்ளதைக் குறைத்துச் சொல்லும் ஐரனி மறுகோடி, இடையே நிற்பது வாய்மை என்று வைத்தார். எனவே அவரிடம் போய் 'ஐரனிக்கு எதிர்ச்சொல் என்ன?' என்று கேட்டால் 'வீண்பெருமை' என்றுதான் விடை வரும். இன்றைய ஆங்கில ஆசிரியரைக் கேட்டால் 'நேர்ப்பேச்சு' என்பார். மூன்றாவதாக ஒரு விடை நம்மிடம் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருவேன்.

ஆங்கிலச் சொல்வழக்கை ஆராய்ந்த எச். டபிள்யூ. பவுலர் 1926இல் வெளியிட்ட நூலில் ஐரனிக்கு ஒரு முக்கியமான இலக்கணம் தருகிறார். ஐரனிக்கு இரண்டு அவைகள் வேண்டும் என்கிறார் அவர். சொல்லைக் கேட்டும் பொருளை உணராத கூட்டம் ஒன்று. சொல்லுக்கு அப்பால் உள்ளதையும், முதற்கூட்டம் அதை உணரவில்லை என்பதையும் சேர்த்து அறிந்த கூட்டம் மற்றொன்று. இதைப் படித்தபோது எனக்குப் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியதாயிற்று. முதற்கூட்டத்தில் நான் இருந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கீழ்புத்துப்பட்டு. ஐயனார் கோயிலால் பலரும் அறிந்த ஊர். என் தந்தையார் எங்கள் ஊருக்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்களில் பருவந்தோறும் கூலிக்கு உப்பு வாரியவர். நான் பட்டப்படிப்பில் சேர்ந்த முதலாண்டில், ஆங்கில வகுப்பில் 'ஒரு மழை நாள்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் மயிலையும் தவளையையும் எழுதினார்கள். நான் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். தெப்பத்தில் நிறுத்திய உவர்நீர் நாள்கணக்கில் வெயிலில் காய்ந்து இறுகி, பாத்தியில் உப்புப் பூத்திருக்கும் வேளையில் வானம் கறுத்தால் பெண்களும் ஆண்களும் ஓடுவார்கள். வாரி மேட்டில் குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடுவார்கள். மூடாதது நீரோடு போகும். அன்றைய கூலியும் போகும். 'மழை ஒரு திருடன்' என்று எழுதியிருந்தேன். ஆங்கிலம் மிகவும் மோசம். ஒருமைக்குப் பன்மை வினை, பன்மைக்கு ஒருமை வினை.

தாள் திரும்பி வந்தபோது அதன் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி இருந்தது. 'எவ்வளவு அற்புதமான கண்டுபிடிப்பு! வேர்ட்ஸ்வொர்த் பொறாமைப்படுவார்' என்று தமிழில் சொல்லலாம். அதை வகுப்பிலும் படித்துக் காட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்றிரவு ஊருக்குப் போய் அப்பாவிடம் தாளைக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது; தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அப்பா தாளை அவரிடம் எடுத்துக்கொண்டு போனார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கிச் சொன்னார். 'பெரிய இங்கிலீஷ் கவிஞரே பொறாமைப்படுவாராம், அப்படி எழுதியிருக்கானாம் உன் புள்ள' என்றார்.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? 'இந்தக் கழுதையா? எவன்கிட்டயாவது பார்த்து எழுதியிருப்பான் சார். இவனுக்கு என்ன தெரியும், மண்ணு' என்றார். சொல்லிவிட்டு, திரும்பி வரும் வழியில் கடையில் நிறுத்திக் கால் கிலோ மிக்சர் வாங்கினார். அந்தத் தாள் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரப்பட்டது.

மூன்றாம் ஆண்டில் 'ஜூலியஸ் சீசர்' பாடமாக வந்தது. சீசரின் சடலத்தின் முன் நின்று ஆண்டனி, கொலை செய்த புரூட்டஸை 'மாண்புடையவர்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். முதல்முறை சொல்லும்போது கூட்டம் அதை உண்மை என்றே கொள்கிறது. நான்காவது, ஐந்தாவது முறைகளில் அதே சொல் கத்தியாகிவிடுகிறது. சொல் மாறவில்லை, சூழல்தான் மாறியது. அந்தப் பாடம் நடந்த பிற்பகலில்தான், முதலாண்டில் வகுப்பு ஏன் சிரித்தது என்பது எனக்கு விளங்கியது. ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அது அன்றே விளங்கியிருக்கும் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவர் பொய் சொல்லவில்லை. சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் மொழிபெயர்த்தார். ஐரனியைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் அதன் நஞ்சு கீழே நின்றுவிடுகிறது.

இனி ஒளவையாருக்கு வருவோம். புறநானூற்றின் 95ஆம் பாட்டைத் தமிழ் வகுப்பில் அனைவரும் படித்திருப்பீர்கள். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார் ஒளவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். ஒளவையார் பார்க்கிறார். இந்தப் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிப் பளபளப்பாகக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன என்கிறார். அங்கே எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி முனையும் விளிம்பும் சிதைந்து எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார்.

இதில் ஒரு சொல்லாவது பொய்யா? நேர்மாறாவது உண்டா? தொண்டைமானின் வேல்கள் உண்மையாகவே பளபளப்பானவை. அதியமானின் வேல்கள் உண்மையாகவே முறிந்தவை. இரண்டும் கண்ணால் கண்ட செய்திகள். ஆயினும் புகழ்ச்சிபோல் வந்தது இகழ்ச்சியாகிறது: உன் படை போர் பார்த்ததில்லை. இகழ்ச்சிபோல் வந்தது புகழ்ச்சியாகிறது: எம் அரசன் போரிலிருந்து ஓய்ந்ததில்லை. நேர்மாறாகச் சொல்வதே ஐரனி என்று மனப்பாடம் செய்த மாணவர் இப்பாட்டை எங்கே வைப்பார்? சொன்னது முழுதும் உண்மையாயிருந்தும், சொல்லாமல் விட்டதில் ஐரனி இருக்க முடியும் என்பதற்கு ஆங்கில இலக்கியத்திலும் இதைவிடக் கூரிய எடுத்துக்காட்டை எளிதில் காட்ட முடியாது என்பேன். பேசுபவர் நிராயுதபாணியான ஒரு தூதர், கேட்பவன் படையுள்ள மன்னன், அவன் கொட்டிலுக்குள்ளேயே நின்று பேசுகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மரக்காணத்தைச் சங்க காலத்து எயிற்பட்டினம் என்பார் ஆராய்ச்சியாளர். அது சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் துறைமுகம். அங்கிருந்து காஞ்சி ஒன்றும் தொலைவில்லை. அந்தக் கொட்டிலில் நடந்த பேச்சு நம் பக்கத்து ஊர்ப் பேச்சு என்றே எனக்குத் தோன்றும்.

மேலே சொன்ன மூன்றாவது விடை இதுதான். தொல்காப்பியர் அங்கதத்தை இரண்டாக்கி, வெளிப்படையாகப் பழிப்பதைச் செம்பொருள் அங்கதம் என்றும், மறைத்துப் பழிப்பதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் பெயரிட்டார். பின்வந்த தண்டியலங்காரம் இலேச அணியைச் சொல்லுமிடத்தில் புகழ்வதுபோலப் பழித்தலையும் பழிப்பதுபோலப் புகழ்தலையும் அருகருகே வைத்தது. பழிப்பதுபோல் மேன்மை தோன்றச் சொல்வதற்குப் 'புகழாப் புகழ்ச்சி' என்று தனிப்பெயரே தந்தது. வஞ்சப் புகழ்ச்சிக்கு எதிரே புகழாப் புகழ்ச்சி. ஆங்கிலத்திலும் இதற்கு 'ஆஸ்டியிஸ்மஸ்' என்று கிரேக்கப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் அகராதிக்கு வெளியே அதை நான் கண்டதில்லை. பெயர் இல்லாவிட்டாலும் பொருள் அவர்களிடமும் இருக்கிறது. நெருங்கிய நண்பனுக்கு நல்வாய்ப்பு வந்தால் 'யூ லக்கி டெவில்' என்பான் ஆங்கிலேயன். மிக நன்றாயிருக்கும் ஒன்றை 'நாட் பேட்' என்று குறைத்தே சொல்வான். புதிதாக ஆங்கிலம் கற்கும் நம் மாணவர் வேலை செய்யுமிடத்தில் 'நாட் பேட்' என்று கேட்டு முகம் வாடிப்போவதுண்டு. வாட வேண்டாம், அது பெரும்பாலும் பாராட்டுதான்.

நம் ஊர்களில் இந்த இரண்டுக்கும் பஞ்சமே இல்லை. வாங்கிய கடனைத் திருப்பாதவனைப் பார்த்து 'நல்லாயிருப்பா, மகராசனா இரு' என்று ஒரு கிழவி சொன்னால் அவன் அந்தத் தெருவில் ஒரு மாதம் நடக்க மாட்டான். சுந்தரர் ஒரு கண் மட்டுமே பெற்றுத் திருவாரூரில் நின்று, நீராவது வாழ்ந்துகொள்ளும் என்ற கருத்தில் இறைவனிடமே சொன்னதும் இந்தக் கிழவியின் குரல்தான். மறுபக்கம், அடுத்தடுத்துப் பிள்ளைகளை இழந்த வீட்டில் பிறக்கும் குழந்தைக்குக் குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்தார்களே, அது என்ன? எமனும் வேண்டாமென்று விட்டுப் போகட்டும் என்று உயிருக்குயிரான பிள்ளையை இழித்துப் பெயரிட்டார்கள். என் தந்தையார் என்னைக் கழுதை என்றதும் இந்த இனந்தான். பிள்ளையை அவன் முன்னால் புகழக் கூடாது, கண்பட்டுவிடும் என்ற பயம். ஆக, ஒரே தாளுக்கு ஒரே நாளில் எனக்கு இரண்டு மதிப்புரைகள் கிடைத்தன. காகிதத்தில் வந்த புகழ்ச்சி இகழ்ச்சியாக இருந்தது. வாயால் வந்த இகழ்ச்சி புகழ்ச்சியாக இருந்தது. இரண்டையும் நான் அன்று தலைகீழாகவே புரிந்துகொண்டேன். கழுதை என்றதற்காக அப்பாவின் மேல் கோபித்துக்கொண்டு மிக்சரைத் தொடவில்லை.

எழுத்தில் ஐரனி ஆபத்தானது என்பதையும் சொல்ல வேண்டும். பேச்சில் குரல் இருக்கிறது, புருவம் இருக்கிறது. எழுத்தில் இரண்டும் இல்லை. டேனியல் டீபோ 1702இல், அரசாங்கத் திருச்சபையில் சேராதவர்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவரே அப்படிச் சேராதவர்களில் ஒருவர்! எதிர்த் தரப்பின் வெறியை அவர்கள் குரலிலேயே பேசிக் காட்டி அம்பலப்படுத்துவது நோக்கம். வெறியர்களில் சிலரோ அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு பாராட்டினார்கள். உண்மை வெளிப்பட்டதும் இரு தரப்பும் அவர்மேல் பாய்ந்தன. 1703இல் அவரைப் பொதுவிடத்தில் தண்டனைக் கட்டையில் மூன்று நாள் நிறுத்தினார்கள். ஜோனதன் சுவிப்ட் 1729இல் அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று கணக்குப் போட்டு எழுதியது, அந்நாட்டின் பஞ்சத்தைக் கண்டுகொள்ளாத செல்வரைச் சுடுவதற்கு. அதைப் படிக்கும்போது நம் மாணவர் சிலர் முதல் இரண்டு பக்கம் வரை தலையாட்டிக்கொண்டே வருவதை நான் கண்டிருக்கிறேன். ஜேன் ஆஸ்டின் மட்டும் நமக்கு எளிது. 1813இல் வந்த அவருடைய 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவல், பணமுள்ள பிரமச்சாரிக்கு மனைவி தேவை என்பது உலகம் ஒப்பிய உண்மை என்ற கருத்தோடு தொடங்குகிறது. தேவை அவனுக்கா, பெண்ணைப் பெற்றவர்களுக்கா என்று கேட்டால் வகுப்பு உடனே சிரிக்கிறது. இது நம் தெருவிலும் ஒப்பிய உண்மை ஆயிற்றே.

ஐரனியைச் 'சார்கசம்' என்பதோடும் குழப்பக் கூடாது. சார்கசம் என்ற கிரேக்கச் சொல்லின் வேர் சதையைப் பிய்ப்பது. கேட்பவனுக்கே தைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆண்டனி செய்தது ஐரனி, கடன்காரனிடம் கிழவி சொன்னது ஏறத்தாழச் சார்கசம். எனக்கு எழுதப்பட்ட இரண்டு வரி எந்த வகை என்று நான் நெடுநாள் யோசித்ததுண்டு. தைக்கவில்லை, ஆகவே ஐரனி என்றே கொள்ள வேண்டும்.

இன்னொரு பிழை, 'ஐரானிக்கலி' என்ற சொல்லை எதிர்பாராத எதற்கும் போட்டு எழுதுவது. சென்ற ஆண்டு வகுப்பில், உங்கள் ஊரிலிருந்து நிகழ்ச்சி ஐரனிக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள் என்றேன். மரக்காணத்து மாணவர் ஒருவர், 'உப்பு வாரும் நாளில் மழை வந்துவிட்டது' என்றார். அது நட்டம், ஐரனி அன்று. மழைக்கும் உப்புக்கும் பகை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. மற்றொருவர், 'உப்பளத்தில் வேலை செய்யும் எங்கள் வீட்டில் கடையில் பாக்கெட் உப்பு வாங்குகிறோம்' என்றார். உணவுக்கு விற்கும் உப்பில் அயோடின் இருந்தாக வேண்டும் என்ற விதி 2006இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. உப்பை விளைவிப்பவனே உப்புக்குக் கடைக்குப் போகிறான். எந்த நிலை நிச்சயம் என்று நினைத்தோமோ, அதன் உள்ளிருந்தே அதற்கு எதிரானது முளைக்கிறது. இது ஐரனி என்று ஒப்புக்கொண்டேன்.

1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகத் தமிழகத்தில் அமைந்த முகாம்களில் ஒன்று எங்கள் கீழ்புத்துப்பட்டிலும் இருக்கிறது. அங்கிருந்து வரும் மாணவி ஒருவர் எழுந்தார். 'சேர், எங்கட ஆக்கள் கொஞ்ச நாளைக்கு எண்டுதான் வந்தவையாம். சாமான் கட்டின பெட்டியைக்கூட அம்மம்மா முழுசா அவிழ்க்கேல்லையாம். நான் அங்கதான் பிறந்தனான். நான் இன்னும் இலங்கையைப் பார்த்ததில்லை. ஆனா எல்லாரும் என்னை இலங்கைப் பிள்ளை எண்டுதான் சொல்லினம். இது ஐரனியோ?' என்றார்.

2021இல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியதே, அதுவும் ஐரனியா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. இல்லை, அது மங்கல வழக்கைச் சேரும். பெயர் வைத்தவர் நல்லெண்ணத்தோடு வைத்தது என்றேன். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் சற்று நேரம் பேசினேன். தமிழில் ஐரனிக்கு இப்போது 'முரண்நகை' என்று எழுதுகிறோம். அச்சொல்லில் நகை ஒட்டிக்கொண்டிருப்பதால், சிரிப்பு வராவிட்டால் ஐரனி இல்லை என்று மாணவர் நினைத்துவிடுகிறார்கள். நகரைப் பீடித்த பாவியைத் தண்டிப்பேன் என்று சூளுரைக்கும் ஈடிப்பஸ் மன்னன், அந்தப் பாவி தானே என்று அறியாமல் பேசுகிறான். பார்ப்போருக்கு அது தெரியும். அங்கே எவரும் சிரிப்பதில்லை. சோபக்கிளீஸின் இந்த உத்திக்கு ஐரனி என்ற பெயரைப் பொருத்திக் கட்டுரை எழுதியவர் தேர்ல்வால் என்ற ஆங்கிலேயர், 1833இல். 'உன் அம்மம்மா பெட்டியைக் கட்டி வைத்ததும் அந்த வகையே' என்றேன். 'அப்ப சிரிக்கத் தேவையில்லை' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த வாரத் தேர்வில் அதே இரண்டு மதிப்பெண் வினாவைக் கேட்டேன். அந்த மாணவி இப்படி எழுதியிருந்தார்: 'ஐரனி என்பது சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள தூரம். அந்தத் தூரம் ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது.' ஒருமை பன்மைப் பிழைகள் நான்கு இருந்தன. இரண்டு மதிப்பெண்ணும் போட்டேன். ஓரத்தில் 'அற்புதம்' என்று எழுதச் சிவப்புப் பேனாவைக் கொண்டுபோனேன். பிறகு மூடி வைத்துவிட்டு, மணி அடித்ததும் அவரைக் கூப்பிட்டு வாயால் சொன்னேன்.